எழுந்திருக்காத மனுஷன்

"அப்பாவைக் கொஞ்சம் எழுந்து வரச் சொல்லுங்களேன்" என்றார் மேடம், மூன்றாவது தடவையாக.

பரிமளாவுக்கு மானமே போயிற்று.

வந்திருப்பது யார்? தேசியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பிலிருந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க வந்தவர். நேற்று முழுக்க ஆரணி மைதானத்து வெயிலில் நின்று ஆட்டம் பார்த்தார். அறுபது பிள்ளைகளில் மூன்று பேர் வீட்டுக்கு மட்டும் நேரில் வருகிறார். அந்த மூன்றில் ஒருத்தி பரிமளாவின் மகள் நிலா, எட்டாம் வகுப்பு. மேடம் இவள் பேரை அனுப்பினால் வெளிமாநிலத்தில் ஒரு மாத முகாம். அதில் நன்றாக ஆடினால் இந்தியாவின் சின்னப் பிள்ளைகள் அணி.

அப்படிப்பட்டவர் வீடு தேடி வந்து நிற்கிறார். பரிமளாவின் வீட்டுக்காரர் மாணிக்கவேலோ தறிக்குழிக்குள் உட்கார்ந்தபடி நெய்துகொண்டே இருக்கிறார்.

"இப்ப எழுந்தா இழை அறுந்துடும் மேடம். நீங்க கேளுங்க, இங்கிருந்தே சொல்றேன்."

பச்சைப் பொய். டீக்காரர் மணி அடித்தால் ஒரு நாளைக்கு நாலு தடவை எழுந்து ஓடுகிற ஆள்தான்!

"ஏங்க, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்களேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள் பரிமளா.

அவர் தறியை இன்னும் வேகமாக ஓட்டினார்.

மேடம் நிலாவைச் சுவரோரம் நிறுத்தி டேப்பால் அளந்தார். அஞ்சு அடி ஏழு அங்குலம்.

"நீங்களும் நில்லுங்கம்மா."

"எனக்கும் டிரஸ் தைக்கப் போறீங்களா மேடம்?"

மேடம் சிரித்துக்கொண்டே அவளையும் அளந்து எழுதிக்கொண்டார். பிறகு தானே தறியருகில் போய், குனிந்து விண்ணப்பப் பாரத்தை நீட்டினார். உட்கார்ந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் மாணிக்கவேல்.

"பொண்ணை வெளியூர் அனுப்ப உங்களுக்குச் சம்மதம்தானே?"

"சம்மதந்தான் மேடம்." நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஜன்னலில் எதிர்வீட்டுக் காசியம்மாளின் தலை தெரிந்தது. "ஆபீசரம்மா நின்னுகினு கீது. இவன் மகாராஜா கணக்கா குந்திகினு கீறான் பாரு!"

கிளம்பும்போது மேடம் சுவரில் மாட்டியிருந்த கல்யாண போட்டோ முன்னால் கொஞ்சம் நின்றார்.

"எத்தனை வருஷமாச்சும்மா?"

"பதினஞ்சு, மேடம்."

தலையாட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கார் தெருமுனை தாண்டியதுதான் தாமதம், 'ங்க' எல்லாம் பறந்துவிட்டது பரிமளாவுக்கு.

"யோவ், நீயெல்லாம் ஒரு மனுஷனாயா? வூடு தேடி வந்தவங்களுக்கு எழுந்து ஒரு வணக்கம் சொல்ல மாட்டியா? அவங்க இன்னா நெனச்சுகினு போவாங்க? பொண்ணு அரை டிராயர் போட்டுகினு ஆடறது உனக்குப் புடிக்கல. அதானே?"

மாணிக்கவேல் நெய்துகொண்டே இருந்தார்.

மூலையில் நின்ற நிலா பந்தை இறுகக் கட்டிக்கொண்டாள். "புடிக்கலன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்லப்பா. நான் ஆடியே இருக்க மாட்டேன்."

தறி ஒரு நொடி தடுமாறி, மறுபடி ஓடியது.

அரை மணி நேரத்தில் பரிமளாவின் போனில் மெசேஜ் வந்தது. மேடம் பாரத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். 'எல்லாம் சரியா இருக்கான்னு பாருங்கம்மா.'

நிலா வாங்கிப் படித்தாள். பேர் சரி. பிறந்த தேதி சரி. அம்மா உயரம், அஞ்சு அடி நாலு அங்குலம். அப்பா உயரம்...

"அப்பா உயரம், அளக்க முடியவில்லைன்னு எழுதியிருக்காங்கம்மா."

"பாத்தியாயா? பாரத்துலயே ஏறிடுச்சு உன் லட்சணம்!"

தறி நின்றுவிட்டது.

"அப்டியா எழுதிகீது? நல்லாப் பாரு நிலா. நம்பர் எதுவும் போடலையே?"

"இல்லப்பா."

"அப்பாடா!"

இரண்டு கையையும் ஊன்றிக் குழியிலிருந்து ஏறி வந்தார் மாணிக்கவேல். மகள் பக்கத்தில் வந்து நின்றார். அவளுடைய மோவாய் உயரம்தான் இருந்தார்.

"உங்க பி.டி. மாஸ்டர் சொன்னாரும்மா. போன வருசம் களம்பூர்ப் பொண்ணு ஒண்ணு, உன்னாட்டமே சூப்பரா ஆடுமாம். யாரோ செலக்‌ஷனுக்கு வந்தவங்க அதோட அப்பன் குட்டைன்னு பாத்துட்டு, 'இது இதுக்கு மேல வளராது'ன்னு உட்டுட்டுப் போய்ட்டாங்களாம். நான் எழுந்து நின்னா உனக்கும் அதானே நடக்கும்?"

நிலா பந்தைக் கீழே போட்டுவிட்டு அப்பாவைக் கட்டிக்கொண்டாள். குனிந்துதான் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

பரிமளா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "லூசு மனுஷா, எங்கிட்டயாவது சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா?"

"சொன்னா, நீ சிரிச்சே காட்டிக் குடுத்துடுவ."

அது உண்மைதான். இப்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, 'எல்லாம் சரியா இருக்கு மேடம்' என்று பதில் அனுப்பினாள்.

உடனே மேடத்திடமிருந்து வந்தது.

'நிலா பேரை அனுப்பிட்டேன். உங்க வீட்டுக்காரரை இனிமே எழுந்திருக்கச் சொல்லுங்கம்மா. கல்யாண போட்டோவுல உங்க பக்கத்துல நல்லாத்தானே நிக்கறாரு!'