எதிரொலி வைத்தியம்

கடை மேசைமேல் பழைய கிடார் ஆம்ப் பெட்டி வயிறு திறந்து கிடக்கிறது. அதன் எதிரொலி சர்க்யூட்டைக் கழற்றிவிட்டுப் புதிதைப் பற்றவைத்திருக்கும் மெக்கானிக்கை ஊரே டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறது. ஈயப்புகை விளக்கைச் சுற்றுகிறது. "எதிரொலிதான் டாக்டரே என் வாசிப்போட ஆன்மா," என்று நெஞ்சைத் தொடுகிறார் கிடார்காரர். இன்று மாலை அவருக்குக் கச்சேரி, முதல் வரிசையில் மாமனார் உட்காரப்போகிறார். கிடார்காரர் சோதித்துப் பார்க்கத் தந்தியைச் சுண்டுகிறார். ஒலி எதிரொலியே இல்லாமல் ஈரத்துணிபோலத் தொப்பென்று விழுகிறது. இத்தனை வருடம் எதிரொலிக்குள் பதுங்கியிருந்த பிசகுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து நிற்கின்றன. "ஏங்க, இத்தனை நாளா இதையா வாசிச்சீங்க?" என்கிறாள் கூட வந்த மனைவி. அவர் கை தந்திமேலேயே கிடக்கிறது. "சாயங்காலத்துக்குள்ள சரியாயிடுமா டாக்டரே?" "சரியாயிடுமா…" என்கிறார் டாக்டர், சர்க்யூட்டையே பார்த்தபடி. எதிரொலி வருகிறது, பெட்டியிலிருந்து அல்ல.