முதல் எழுத்தை இழு

"பிடிச்சுத் தள்ளாதேக்கா. மூச்சை விட்டுக்கிட்டே முதல் எழுத்தை இழு. ஜெ...ய்தூன்."

"ஜெ... ஜெ... ஜெ..." ஜெய்தூன் பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ம...த்ததெல்லாம் வருதுடி நஜ்மு. என் பேருதான் வர மாட்டேங்குது."

"திக்குறவங்களுக்குச் சொந்தப் பேருதான் சண்டித்தனம் பண்ணுமாம். புஸ்தகத்துலயே போட்டிருக்கு," என்றாள் தங்கை நஜ்முன்னிசா.

மதுரையில் பி.எஸ்ஸி. முடித்தவள். திக்குவாய்க்காரர்களுக்கும் பேச்சு வராதவர்களுக்கும் பயிற்சி கொடுக்கக் கற்றுத்தரும் மேல்படிப்பு மைசூரில் புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். இடமும் கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். தோல் மண்டி வைத்திருந்த அத்தா நைனா முகமதுதான் பிடி கொடுக்கவில்லை. "அக்காவுக்கு மாப்பிள்ளை அமையட்டும், பேசிக்கலாம்" என்பதோடு சரி.

அதனால்தான் ஆறு மாதமாக அக்காவுக்கு இந்தப் பாடு. இருபத்தேழு வயது ஜெய்தூனை ஐந்து வீட்டார் பார்த்தாயிற்று. ஐந்து பேரும் பெயரைக் கேட்டதோடு எழுந்து போனவர்கள்.

"இ...ன்னிக்கும் திக்கிட்டேன்னா?"

"திக்கினா திக்கு. நின்னு, மூச்சு விட்டு, மறுபடி ஆரம்பி. நீ கரையேறிட்டா நான் ரயிலேறிருவேன்ல?"

"அ...டி கள்ளி, எல்லாம் உனக்காகத்தானா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

மாலையில் வேடசந்தூரிலிருந்து பெண்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் கேட்டாள்: "உன் பேரென்னம்மா?"

கதவிடுக்கில் நின்ற நஜ்மு மூச்சை மெல்ல விட்டுக் காட்டினாள்.

"ஜெ...ய்தூன் பீவி."

கொஞ்சம் இழுவை. அவ்வளவுதான்.

"ராகமாப் பேசுதே புள்ள!" என்று சிரித்தவள், ஜெய்தூன் வாயில் சர்க்கரை போட்டு, கல்யாணத் தேதியும் குறித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

வந்தவர்களை அனுப்பிவிட்டு உள்ளே வந்த அத்தாவின் கண் கலங்கியிருந்தது. நஜ்முவின் தலையில் கை வைத்தார்.

"எந்த டாக்டராலயும் ஆகாததை நீ செஞ்சுட்டம்மா!"

"அப்ப, திங்கக்கெழமை மைசூருக்கு ரயிலேறட்டுமா அத்தா?"

"மைசூரா?" அவர் நிஜமாகவே திகைத்தார். "உன்னைய ஆசைப்பட்டு மூணு இடம் தானா வந்துச்சு. மூத்தவ இருக்கையில எளையவளுக்குப் பேச முடியாதுன்னு நிறுத்தி வச்சிருக்கேன். நாளைக்கே ஆள் விட்டு அவங்கள வரச் சொல்லிரணும். அக்கா திக்கிக்கிட்டுக் கெடந்தாளேன்னுதானம்மா உன்னைய இம்புட்டு நாளு படிக்கவே விட்டேன்!"