நூற்றெண்பதாவது நாள்

"அவர் வீட்ல இல்ல, உஸ்தாத். வேலைக்குப் போயிருக்கார்" என்றாள் முஹன்னத்தின் மனைவி உம் தாஹா, கதவைப் பாதி மட்டும் திறந்து.

தொழிலாளர் காப்பீட்டு ஆய்வாளர் ஸர்மத்துக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பஸ்ராவின் ஜூலை வெயிலில் மூன்றாவது தடவையாக அலைகிறார். மூன்று தடவையும் இதே பதில்.

"உங்க வீட்டுக்காரர் மேல புகார், உம் தாஹா. சாப்பாடு கொண்டு வர்றவர் ஹெல்மெட்டைக் கழட்டறதே இல்லையாம். வாயே திறக்கறதில்லையாம். ஒரு நாள் நெட்டையா வர்றாராம், மறுநாள் குட்டையா வர்றாராம். டெலிவரி செயலியில இருக்கற தன் கணக்கை வேற ஆளுக்கு வாடகைக்கு விட்டுட்டாரா?"

"ஐயோ, இல்ல உஸ்தாத்!"

"விட்டிருந்தா எல்லாம் போச்சு. நூத்தியெண்பது நாள் தன் கணக்குல ஓட்டினாத்தான் சட்டம் அவரைத் தொழிலாளின்னே ஒத்துக்கும். காப்பீடு, குடும்பப் பென்ஷன் எல்லாம் அதுக்கப்புறம்தான். இன்னைக்கு ஒரு ஆர்டர் கொடுத்துட்டா நூத்தியெண்பது. தெரியுமில்ல?"

"தெரியும். எண்ணிக்கிட்டேதான் இருக்கேன்."

அவரை உள்ளே உட்காரச் சொல்லி, காய்ந்த எலுமிச்சைத் தேநீரை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ஸர்மத் கைப்பேசியைத் திறந்தார். ஓட்டுபவர் காலையில் முகம் காட்டினால்தான் கணக்கு திறக்கும். முஹன்னத்தின் படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தார். நாற்பது நாளாக ஒரே சட்டை, ஒரே சிரிப்பு. தாடி ஒரு மயிரிழைகூட வளரவில்லை. திரையைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தார்.

"ஆளை நானே வரவழைக்கிறேன்" என்று, கொண்டு வருபவராக முஹன்னத்தையே குறித்து, அந்த வீட்டு முகவரிக்கே ஒரு ஃபலாஃபெல் வடை சொன்னார்.

'முஹன்னத் வந்துகொண்டிருக்கிறார்' என்றது திரை.

தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. "பாபா வண்டி!" என்று ஓடிய நாலு வயது மகன் தாஹா, வாசலைத் தொட்டதும் நின்றான். பிறகு மெல்லப் பின்வாங்கி அம்மாவின் அங்கிக்குள் ஒளிந்துகொண்டான்.

கறுப்பு ஹெல்மெட் போட்ட உருவம் பொட்டலத்தை ஸர்மத்தின் கையில் வைத்தது. கைப்பேசி ஒலித்தது. நூற்றெண்பதாவது நாள் பதிவாகிவிட்டது.

"கழட்டுய்யா அதை!" என்றார் ஸர்மத்.

கழற்றினான். முகம் முஹன்னத்துடையது அல்ல. அவனுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் வந்து நின்றன. நெட்டையும் குட்டையுமாக அத்தனை பேரும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். எல்லார் கண்களும் சிவந்திருந்தன.

உம் தாஹா உள்ளே போய், பெட்டியில் மடித்து வைத்திருந்த கறுப்புத் துணியை எடுத்து வந்து விரித்தாள். சாவு வீட்டு வாசலில் மாட்டும் துணி அது. முஹன்னத்தின் பெயர் வெள்ளை எழுத்தில் இருந்தது. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"அவரை லாரி அடிச்சப்போ நூத்திநாப்பது நாள்தான் ஆயிருந்தது, உஸ்தாத். மீதியை இவங்கதான் ஓட்டினாங்க" என்று வெள்ளைச் சாயத்தையும் தூரிகையையும் அவரிடம் நீட்டினாள். "இறந்த தேதின்னு இன்னைக்குத் தேதியைப் போட்டுக் கொடுங்க. நான் இனிமேதான் அழணும்."