அடி வரிசைக் கல்

மலைச் சரிவில் மண் ரோட்டுக்கு இறங்காமல் இருக்கத் தடுப்புச் சுவர் கட்டினார் கொத்தனார் சவரிமுத்து. முதல் கல்லை வைக்கவே அவருக்குக் காலைப் பொழுது முழுக்கப் போய்விட்டது. ரசமட்டம் வைத்துப் பார்ப்பார், ரப்பர் சுத்தியலால் தட்டுவார், "இன்னும் கொஞ்சம் இறங்குடா ராசா" என்பார். கல்லுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மற்ற கற்களை அதன்மேல் மளமளவென்று அடுக்கினார். சாயங்காலம் அந்த முதல் கல்லை மண் போட்டு மூடிவிட்டுப் போனார்.

"அண்ணே, என்னை மட்டும் ஏன் மூடிட்டார்? நான் கோணலா?" என்று இருட்டுக்குள்ளிருந்து அது கேட்டது.

"அடி வரிசைன்னா அப்படித்தான்டா" என்றது மேல் கல்.

மழை பிடித்தது. பின்னாலிருந்து ஈர மண் நெருக்கியது.

"யார் கண்ணுலயும் படாம எனக்கு எதுக்கு இந்தப் பாடு? நான் நகர்ந்து வெளிய வந்துடறேன்."

மேல் கல்லுக்குப் பகீர் என்றது. அடிக்கல் நகர்ந்தால் சுவரே சரிந்துவிடும்.

"டேய், இருடா! சவரிமுத்து வந்து நிக்கிறார். உன்னைத்தான் விசாரிக்கிறார்."

"நிஜமாவா? என்ன கேக்கறார்?"

மேல் கல் வெறிச்சோடிக் கிடந்த ரோட்டைப் பார்த்தது.

"ராசா நல்லா இருக்கானான்னு கேக்கறார்."

அடிக்கல் அசையவில்லை.

இப்போதெல்லாம் தூறல் விழுந்தாலே கீழிருந்து குரல் வருகிறது. "அண்ணே, வந்துட்டாரா?"

"வந்துட்டார்டா" என்கிறது மேல் கல், ரோட்டைப் பார்க்காமலே.