ஆளில்லாத கடல்

கியாமா கடலோரத்தில் பாறைக்குள் அமைந்த நீச்சல்குளத்தை ரோண்டா ஒன்பது வருடமாகப் படமெடுக்கிறாள். முகநூல் புகைப்படக் குழுவில் அவள் படத்துக்கு நாற்பது லைக் விழுந்தால் அதிகம். போன வருடம்தான் கேமரா வாங்கிய நோலினுக்கு நானூறு விழும். ரோண்டாவுக்கு வயிறு எரியும்.

அந்த ஞாயிறு விடியலிலும் நோலின் ரப்பர் பூட்ஸோடு தண்ணீரில் இறங்கி, ரோண்டாவின் படத்துக்கு நடுவே நந்தி மாதிரி நின்றாள்.

“கொஞ்சம் நகரேன்டி, படத்துல விழறே.”

“வீட்டுக்குப் போய் அழிச்சுக்கயேன்! உனக்கென்ன புதுசா?” என்று சிரித்தாள் நோலின்.

குழுவில் அந்த வாரத் தலைப்பு ‘ஆளில்லாத கடல்’. வீட்டில் டீ ஆறுவதற்குள் ரோண்டா அவளை அழித்துவிட்டாள். முதலில் தொப்பி, பிறகு தோள், கடைசியாகத் தண்ணீரில் கிடந்த நிழல்.

அடுத்த ஞாயிறு நோலின் வரவில்லை. தினமும் அவளோடு வம்பளக்கும் நீச்சல்காரர் மெர்வினிடம் ரோண்டா விசாரித்தாள்.

“நோலினா? யாரும்மா அது? எப்பவும் நீ ஒண்டியாத்தானே வருவே!”

கரையில் நல்ல இடம் காலியாகக் கிடந்தது. ரோண்டா சிவப்புக் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு டிரைபாடை அங்கே ஊன்றினாள்.

வீடு திரும்பிக் குழுவைத் திறந்தபோது நோலின் பெயரில் புதுப் படம் ஏறியிருந்தது. அன்று காலை எடுத்தது, குளத்தின் நடுவிலிருந்து, தண்ணீர் மட்டத்தில். கரையில் ரோண்டா தனியாக நின்றாள். அறுநூற்றுப் பன்னிரண்டு லைக்.

அவள் தலையில் தொப்பி மட்டும் இல்லை. அழித்த தடமே தெரியவில்லை. இவ்வளவு சுத்தமாக அழிக்கத் தனக்கு ஒருநாளும் வந்ததில்லையே என்று ரோண்டாவுக்கு வயிறு எரிந்தது.