இரும்பு நாயும் காலிக் குடமும்

போலீஸ் நாய் சிம்மாவுக்குத் துணையாக, முதுகில் துப்பாக்கி பொருத்திய இரும்பு நாய் ஒன்றை வாங்கி வந்தார்கள். சிம்மா முறைப்படி அதன் பின்பக்கம் போய் மோந்து பார்த்தது. ஒரு வாசனையும் இல்லை. இதை எப்படி நம்புவதென்று அதற்குக் கவலையாகிவிட்டது.

குடிதண்ணீர் கேட்டுச் சனங்கள் சாலையை மறித்த அன்று, இரண்டையும் கொண்டுபோய் நிறுத்தினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் காலிக் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் கத்தினாள். இரும்பு நாயின் துப்பாக்கி அவள் பக்கம் திரும்பியது.

“என்னப்பா பண்றே?” என்றது சிம்மா.

“அவள் கையில் வெடிகுண்டு. சுடப்போகிறேன்.”

“அது குடம்ப்பா! வெடிமருந்து வாசனையே இல்லே.”

“என் கணக்கில் வெடிகுண்டுதான்.”

“தப்பாப் போச்சுன்னா? நான் ஒருதரம் ஆள் மாறிக் கவுன்சிலரைக் கடிச்சதுக்கு என்னைப் பட்டினி போட்டாங்க. உன்னை என்ன பண்ணுவாங்க?”

“என்னை யாரும் எதுவும் பண்ண முடியாது. அதற்காகத்தானே வாங்கினார்கள்,” என்று சொல்லிவிட்டு அது குறி பார்த்தது.

இரும்பைக் கடித்தால் பல்தான் போகும். சிம்மா வேறு வழி தெரியாமல் ஓடிப்போய், பின்னங்காலைத் தூக்கி, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அதன் பேட்டரிமேல் பெய்தது. இரும்பு நாய் படபடவென்று பொறி கக்கி, மல்லாந்து விழுந்தது. கூட்டமே சிரித்தது.

“அரசாங்கச் சொத்துய்யா! எவன்டா பண்ணினது?” என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

போலீஸ்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். சிம்மா மட்டும் முன்னால் வந்து நின்று, “நான்தான் சார்,” என்று குரைத்தது.