ஒரு கோடு சிக்னல்

"ஊருக்கே சிக்னல் குடுக்கிற ஆளு! கட்டின பொண்டாட்டிக்கு ஒரு கோடு வாங்கித் தர வக்கில்ல!"

காரில் இழுத்து வந்த டிரெய்லர் வீட்டின் வாசலில் நின்று, கூரை மேல் இருந்த கணவனை அண்ணாந்து பார்த்துக் கத்தினாள் நாடியா. ஏரிக்கரையில் முகாம் போட்டிருந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது.

ஓரெஸ்டுக்குக் கோபமே வரவில்லை. செல்போன் டவர் ஏறுவதுதான் அவன் தொழில். கனடாவில், மனிடோபா மாநிலத்தின் வடக்கில் அவன் ஏறாத டவர் கிடையாது. அப்பேர்ப்பட்டவன் மூன்று நாளாக, டிரெய்லர் கூரையில் கம்பத்தில் கட்டிய ஆன்டெனாவை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தான்.

"இப்ப வந்துச்சா?"

நாடியா உள்ளே ஓடிப்போய்ப் போனைப் பார்த்தாள். "வரல!"

"இப்ப?"

"வரலய்யா, வரல! போன வருஷம் இதே இடத்துல, இதே ஆன்டெனால நாலு கோடும் ரொம்பி நின்னுச்சே?"

"மரமெல்லாம் வளர்ந்துடுச்சு நாடியா."

"ஒரே வருஷத்துலயா?"

"இந்தப் பக்கம் மழை ஜாஸ்தி."

"பேசாம நான் வண்டிய எடுத்துட்டு நெடுஞ்சாலைக்குப் போறேன். அங்க நின்னா கிடைக்கும்."

"போகாத. அங்க கரடி நடமாட்டமாம்."

"யாரு சொன்னா? கரடியே வந்து சொல்லுச்சா?"

நாடியா ஒரு லாரி கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்ப்பவள். முறையாக விடுப்பு வாங்கி, பக்கத்து நாற்காலி பிரெண்டாவிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஆனாலும் தான் இல்லாவிட்டால் டிரைவர்களுக்குச் சம்பளமே போகாது என்பது அவள் எண்ணம். மேலாளர் கிரெய்க்கும் அதையே சொல்லிச் சொல்லி அவளை வளர்த்திருந்தார். அதனால் பாவம், காட்டுக்குள் வந்தும் போனும் கையுமாகவே அலைந்தாள்.

வேறு வழியில்லாததால் நடுநடுவே ஏரியில் கால் நனைத்தாள். சீட்டாட்டத்தில் ஓரெஸ்டைத் தோற்கடித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் பொரித்துக் கொடுத்த மீனைச் சூடு ஆறாமல் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும், "ஒண்ணுத்துக்கும் உதவாத மனுஷன்" என்று திட்டவும் மறக்கவில்லை.

அன்று சாயங்காலம் பக்கத்து டிரெய்லர்காரர் வென்டல் வந்தார். எழுபது வயசு. அடுத்தவர் டிரெய்லர் சரிவாக நிற்கிறதா, குழாய் ஒழுகுகிறதா என்று பார்த்துச் சொல்லாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

"சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதம்மா நாடியா. டவர் ரோட்டுப் பக்கம் இருக்கு. உன் வீட்டுக்காரன் ஆன்டெனாவ ஏரிப் பக்கம் திருப்பி வெச்சிருக்கான். அங்க மீன்தான் போன எடுக்கும்."

"என்ன சொல்றீங்க? அவன் தொழிலே அதுதானே!"

"அதான் எனக்கும் புரியல. காலையிலயே அவன்கிட்ட சொன்னேன். 'தெரியும் வென்டல், நீங்க சும்மா இருங்க'ன்னு கண்ணடிச்சான்."

நாடியாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "மூணு நாளா என்னை முட்டாளாக்கியிருக்கான்! இன்னைக்கு இருக்கு அவனுக்கு!"

"என்னமோம்மா. போன வருஷம் தனியா மீன் பிடிச்சு, தனியா பொரிச்சு, தனியா உக்காந்து சாப்பிட்டான். நீ உள்ள லேப்டாப்போட இருந்தியா, நான்தான் அவனுக்குப் பேச்சுத் துணை. இந்த வருஷம் என் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல."

குறைப்பட்டுக்கொண்டே அவர் போய்விட்டார். நாடியா நின்ற இடத்திலேயே நின்றாள். போன வருஷம் அவன் என்ன மீன் பிடித்தான் என்றுகூட அவளுக்குத் தெரியாது. வந்த கோபம் எங்கே போனதோ தெரியவில்லை.

வெளி அடுப்பிலிருந்து மீன் தட்டோடு வந்தான் ஓரெஸ்ட். முகம் சரியில்லை.

"நாடியா, ராத்திரி தூக்கத்துலகூட 'சம்பளம் போட்டாச்சா, சம்பளம் போட்டாச்சா'ன்னு முனகுன. எனக்கு மனசு கேக்கல. இரு, கடைசியா ஒரு தடவை திருப்பிப் பாத்துடறேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் தட்டை வைத்துவிட்டு ஏணியில் ஏறிவிட்டான். அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். தலைக்கு மேல் கம்பம் கிறீச்சிட்டுத் திரும்பியது.

போனில் ஒரு கோடு வந்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் நாலும் நிறைந்தது.

கையிலேயே போன் துடிதுடித்தது. செய்திகள் வந்து குவிந்தன. எல்லாம் கிரெய்க்தான். 'உடனே கூப்பிடு.' 'அவசரம்.' 'சம்பளம் என்ன ஆச்சு?' கடைசியாக வந்தது: 'பரவாயில்லை, பிரெண்டாவே முடித்துவிட்டாள். வேறு ஒரு வேலை இருக்கிறது, கூப்பிடு.'

நாடியா அந்தக் கடைசிச் செய்தியைத் திரும்பவும் படித்தாள். முதலில் சுருக்கென்றது. பிறகு சிரிப்பு வந்தது.

"வந்துச்சா?" மேலேயிருந்து கேட்டான் ஓரெஸ்ட். குரலில் சுரத்தே இல்லை.

அவள் போனை அணைத்து அலமாரிக்குள் போட்டாள். வெளியே வந்து, ஏரிக்கரை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"சுத்தமா வரல! ஒரு கோடுகூட இல்ல! இறங்கி வாய்யா, மீன் ஆறுது. அடுத்த வருஷத்துக்கும் இதே இடத்தையே சொல்லி வெச்சுடு!"